வெறித்தனமான சந்தோஷம்

பத்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டில் ‘வெறித்தனமான சந்தோஷம்’ என்று இருந்தால் நான் சிவப்பு மையால் அடிப்பதில்லை. பக்கத்து மேசைத் தமிழையா அடித்துவிடுவார். “வெறி நாய்க்குப் பிடிக்கிறது டீச்சர், பிள்ளைக்கு ஆகுமா?” என்பார். அவர்மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. இந்த ஒரு விஷயத்தில் நான் பிள்ளைகள் பக்கம்.

தொல்காப்பியத்திலேயே ‘வெறியாட்டு அயர்ந்த காந்தள்’ இருக்கிறது. வெறியாட்டு என்றால் சாமி வந்து ஆடுவது. மகள் வாடுகிறாள், காதல் என்று தாய்க்குத் தெரியாது, முருகன் அணங்கி வருத்துவதாக எண்ணி, வெறியாடும் பூசாரியான வேலனை அழைக்கிறாள். அகநானூறு 22ஆம் பாட்டைப் படித்துப் பாருங்கள். களம் ஒழுங்கு செய்கிறார்கள், கண்ணி சூட்டுகிறார்கள், வீடே அதிரப் பாடிப் பலி கொடுத்து, செந்தினையை இரத்தத்தோடு தூவுகிறார்கள். நடுநிசி. அதே இரவில் காவலர் கண்ணில் படாமல் காதலன் வந்துவிடுகிறான். அவள் தேறிவிடுகிறாள், பேர் என்னவோ வேலனுக்கு! நினைத்து நினைத்துச் சிரிக்கிறாள் அந்தப் பெண். பாடியவர் வெறிபாடிய காமக்கண்ணியார்; அந்தச் சொல்லே பேரோடு ஒட்டிக்கொண்டது.

பூ மணத்துக்கும் அன்று வெறி என்று பேர் உண்டு.

என் மாமியார் ஊரில் குலதெய்வக் கோயில் திருவிழாவான மாசிக்களரிக்குப் போனால் அந்தக் களம் இன்னும் இருக்கிறது. உடுக்கைச் சத்தம் ஏற ஏற, சாமியாடுகிறவருக்கு முதலில் கால் கட்டைவிரல் துடிக்கும். அப்புறம் முழங்கால். பிறகுதான் அந்தக் குரல் வரும். ‘சாமி வந்துருச்சு’ என்பார்கள், வெறி என்று அங்கே யாரும் சொல்வதில்லை. குறி சொல்லி முடிந்து திருநீறு பூசியதும் அடங்கிவிடும். சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, “சாப்பிட்டியாம்மா?” என்று சாதாரணமாகக் கேட்பார்.

பிள்ளைகளின் வெறித்தனமும் இந்த வகைதான். கடைசி ஓவரில் சிக்சர் போனால் நாற்காலிமேல் ஏறிக் கத்துவார்கள், மறுநாள் காலை டியூஷனில் இருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கவனித்தால் ஒன்று தெரியும்: மகிழ்ச்சிக்கு ‘வெறியா இருக்கு’, ‘வெறித்தனம்’ என்பார்கள். ‘வெறி பிடிச்சிருச்சு’ என்று சொல்லவே மாட்டார்கள். பிடித்தால் அது நோய் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள். இலங்கையில் மட்டும் பார்த்துப் பேச வேண்டும். அங்கே ‘ஆள் வெறியில நிக்கிறார்’ என்றால் குடித்திருக்கிறார் என்று பொருள். குடிகாரர் வெறிக்குட்டி.

பிடிக்கிற வெறிக்கு இருக்கவே இருக்கிறது சாதிவெறி. உடுக்கை நின்றாலும் அது நிற்காது, எந்தத் திருநீறும் அடக்காது. அதைப் போய் மேடைகளில் பற்று, உணர்வு, பெருமை என்றெல்லாம் சொல்லக் கேட்கும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. சிவப்பு மை அங்கே வேண்டும் ஐயா.