மாதம் 500 லிட்டர் எண்ணெய்

"மேடம், உங்க லிஸ்ட்ல நாற்பத்தோரு வீடு மாசம் 500 லிட்டர் சமையல் எண்ணெய் வாங்குது. பார்த்தீங்களா?"

எங்களுக்கு எண்ணெய் சர்வே வேலையைக் கொடுத்த சென்னைக்காரர்களிடமிருந்து இந்த போன் வந்தபோது நான் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். வயிற்றைக் கலக்கிவிட்டது. மொத்தம் 400 காகிதப் படிவங்கள். ஐந்து பெண்கள் பன்னிரண்டு நாள் கடலூரிலும் புதுச்சேரியிலும் வீடு வீடாக ஏறி இறங்கி எழுதியவை. "மாதம் எவ்வளவு எண்ணெய்?" என்று கேட்டு, பக்கத்தில் ஒரு கோடு மட்டும் அச்சடித்திருந்தேன். ஒருத்தி மில்லி கணக்கில் 500 என்று எழுதினாள். இன்னொருத்தி பாக்கெட் கணக்கில் 3. வேறொருத்தி கிலோவில் 2. கம்பெனி பாக்கெட்டில் ஒரு லிட்டர், 910 கிராம் என்று இரண்டும் போட்டிருக்கும். ஆனால் செக்கில் ஆட்டி வாங்குகிறவர்களில் பலர் கிலோவில்தான் சொல்வார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றிய பையன் எல்லாவற்றையும் லிட்டராக ஏற்றிவிட்டான். எந்த 3 பாக்கெட், எந்த 3 கிலோ என்று பிரிக்க இனி வழியில்லை. பணம் தர முடியாது, திரும்ப எடுங்கள் என்றார்கள். எடுத்தோம், என் கைக்காசில்.

இரண்டாம் சுற்றுக்கு காகிதத்தை விட்டுவிட்டு செல்போனுக்கு மாறினோம். போனில் நிரப்பும் சர்வே படிவம் தயாரிக்கும் கோபோ டூல்பாக்ஸ் தளத்தில் கணக்கு திறந்து, எக்செலில் கேள்விகளை அடுக்கி, ஐந்து போனிலும் ஆப் ஏற்றி முடிக்க ஒன்றரை நாள் ஆனது. அதில் சிரமம் எதுவும் இல்லை. நெட் இல்லாத இடத்திலும் படிவத்தை நிரப்பி, சாயங்காலம் அனுப்பிவிடலாம். சிரமமெல்லாம் அதற்கப்புறம்தான்.

எண்ணெய்க் கேள்வியை இரண்டாக உடைத்தேன். முதலில் அளவு: லிட்டரா, கிலோவா, அரை லிட்டர் பாக்கெட்டா, டின்னா. பிறகு எண்ணிக்கை. ஆப் அதைக் கணக்குப் போட்டு "மாதம் ஒன்றரை லிட்டர், சரியா?" என்று திரையில் காட்டும். அதை அப்படியே அந்த வீட்டம்மாவிடம் வாசித்துக் காட்ட வேண்டும். இது ஒன்றே பாதித் தலைவலியைத் தீர்த்தது. "மூணு ஆவும்மா" என்று சொன்னவர்கள், லிட்டர் என்று கேட்டதும், "அய்யய்யோ, பாக்கெட்டு" என்று திருத்தினார்கள்.

பழைய சூடு இன்னும் ஆறாததால் கூடவே ஒரு தப்பும் செய்தேன். 15 லிட்டருக்கு மேல் போனால் அடுத்த கேள்விக்கே போக முடியாதபடி பூட்டுப் போட்டுவிட்டேன். கடலூர் முதுநகரில் ஒரு கூட்டுக் குடும்பம், திண்ணையிலேயே இட்லிக்கடை நடத்துகிறார்கள். மாதம் இரண்டு டின், டின்னுக்கு 15 கிலோ. லிட்டரில் 33 அளவுக்கு வரும். ஆப் விடவில்லை. போன பெண் என்ன செய்வாள்? 15 என்று போட்டு நகர்ந்துவிட்டாள். ராத்திரி பேச்சுவாக்கில் அவள் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. 500 லிட்டர் என்றால் பார்த்ததும் தப்பு என்று தெரிகிறது. இந்தப் பொய்யான 15 யார் கண்ணிலும் படாது. அதனால் சொல்கிறேன், பூட்டை எடுத்துவிடுங்கள். அளவு அதிகமானால் "ஏன் இவ்வளவு?" என்று இன்னொரு கேள்வி திறக்கும்படி வையுங்கள். நடக்கவே முடியாத எண்ணுக்கு மட்டும் பூட்டுப் போதும்.

போன் நம்பருக்கும் இதே கதைதான். கட்டாயம் என்று வைத்தேன். முதல் நாளே ஒன்பதில் தொடங்கி இறங்குவரிசையில் போகும் நம்பர் நான்கு படிவத்தில் வந்தது. தர விருப்பமில்லை என்று சொல்ல இடம் கொடுத்தேன், வந்த நம்பரெல்லாம் உண்மையான நம்பர்.

மூன்றாம் நாள் செய்ததுதான் மன்னிக்க முடியாத தப்பு. எண்ணெய் வகைப் பட்டியலில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு எண் கொடுத்திருந்தேன்; செக்கு எண்ணெயைச் சேர்க்க மறந்திருந்தேன். கடலை எண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்தால் பார்க்க நன்றாக இருக்குமே என்று இரண்டாவதாக நுழைத்து, கீழே உள்ள எண்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். சர்வரில் பதிவது பெயர் இல்லை, அந்த எண்தான். நேற்று வரை 2 என்றால் பாமாயில். இன்று 2 என்றால் செக்கு எண்ணெய். போதாததற்கு இரண்டு போன்களில் புதிய படிவம் இறங்கவே இல்லை. ஆக, ஒரே நாளில் வந்த 2 என்ற எண்ணுக்கே இரண்டு அர்த்தம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இது உறைத்தபோது, இன்னொரு 400 வீடா என்று கை நடுங்கியது. நல்ல வேளையாக, ஒவ்வொரு பதிவோடும் அது எந்தப் பதிப்புப் படிவத்தில் எடுத்தது என்று கடைசி நெடுவரிசையில் பதிவாகியிருந்தது. அதை வைத்துப் பிரித்து, பழையதை மட்டும் எண் மாற்றி, விடிவதற்குள் சரிசெய்தேன். கொடுத்த எண்ணை எப்போதும் மாற்றாதீர்கள். புதிதாக ஒன்று சேர்த்தால் அதற்குப் புதிய எண் கொடுங்கள். பட்டியலில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். போனில் படிவம் தானாகவே சர்வரோடு ஒத்துப்போகும்படி செட்டிங் இருக்கிறது. முதல் நாளே அதைப் போட்டு, காலையில் கிளம்பும்முன் நெட் உள்ள இடத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அடுத்தது என் மனதை இன்னும் உறுத்துவது. ஒவ்வொரு வீட்டிலும் ஆப்பில் பதிந்த ஜிபிஎஸ் புள்ளிகளை மேப்பில் போட்டுப் பார்த்தபோது, புதுச்சேரி என்று குறித்த ஆறு வீடுகள் கடலூர்ப் பக்கம் விழுந்தன. எடுத்தவள் குழுவிலேயே சின்னவள். போனில் அவளைக் கடுமையாகவே பேசிவிட்டேன். "நான் போனேன்க்கா, சத்தியமா போனேன்" என்று அழுதாள். மறுநாள் பஸ் பிடித்து கன்னியக்கோயிலில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய் வெயிலில் அந்த ஆறு வீட்டையும் தேடினேன். முதல் வீட்டு அம்மா புதுச்சேரி அரசின் சிவப்பு ரேஷன் கார்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "அந்தப் பொண்ணு தானே? தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சிச்சி." ஆறு வீடும் சரி. தப்பு, மேப்பில் நான் குத்துமதிப்பாக இழுத்த கோட்டில். இந்தப் பக்கத்தில் எல்லை நேராகவா போகிறது? தமிழ்நாட்டு ஊரும் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் ஊரும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. திரும்பி வந்து அவளிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன்.

அதிலிருந்து எந்தப் பக்கம் என்று கேட்பதை விட்டு, ரேஷன் கார்டு எந்த மாநிலம் என்று கேட்கிறோம். அதில் எதிர்பாராத லாபமும் கிடைத்தது. தமிழ்நாட்டு கார்டு என்றால் ரேஷன் பாமாயில் பற்றி தனியாக ஒரு கேள்வி திறக்கும்படி வைத்தேன். ரேஷனில் 25 ரூபாய்க்கு வாங்கும் அந்த ஒரு லிட்டரை யாரும் "வாங்கியதாக" கணக்கில் சேர்ப்பதே இல்லை. காகிதச் சுற்றில் அது அத்தனையும் விட்டுப்போயிருந்தது.

உண்மையில் ஏமாற்றியவள் வேறொருத்தி, அவள் மேல் எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை. அவளுடைய புள்ளிகள் எல்லாம் சரியான தெருவில். படிவத்தைத் திறந்ததிலிருந்து முடித்தது வரை நேரமும் தாராளமாக அரை மணிக்கு மேல். படிவத்தில் ஆடிட் என்று ஒரு வரி சேர்த்தால், ஒவ்வொரு கேள்வியும் எப்போது திறந்து எப்போது மூடியது என்று தனிக் கோப்பு வரும். சேர்த்து வைத்திருந்தும் நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. ஏழாம் நாள்தான் பார்த்தேன். ஒன்பது படிவங்களில் ஜிபிஎஸ் கேள்வி முடிந்ததும் அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு 34 கேள்விகளும், கேள்விக்கு ஐந்து ஆறு நொடியில். வாசற்படியில் நின்று இடத்தை மட்டும் பதிந்து சேமித்துவிட்டு, கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து மீதியை நிரப்பியிருக்கிறாள்.

கேட்டேன். மறுக்கவில்லை.

"பதினோரு மணிக்கு யாருக்கா வீட்ல இருக்காங்க? பாதிப் பேரு நூறு நாள் வேலைக்குப் போயிடறாங்க. படிவத்துக்கு 60 ரூபான்னா, வெறுங்கையோட எப்படி வீட்டுக்குப் போறது?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்றே படிவக் கணக்கை நிறுத்தி நாள் சம்பளமாக மாற்றினேன். வேலை நேரத்தை காலை 7 முதல் 10, மாலை 4 முதல் 7 என்று பிரித்தேன். ஒன்பதையும் அழித்துவிட்டு அவளையே திரும்ப அனுப்பினேன், கூடவே நானும் இரண்டு நாள் போனேன். ஜிபிஎஸ் இப்போது படிவத்தின் முதலிலும் கடைசியிலும் இருக்கிறது. ஆடிட் கோப்பைத் தினமும் ராத்திரி சாப்பிடுவதற்கு முன்பே பார்த்துவிடுகிறேன், பத்து நிமிட வேலை. பத்தில் ஒரு வீட்டுக்கு நானே போன் செய்து, மூன்று கேள்வி மட்டும் திரும்பக் கேட்கிறேன்.

400 வீடும் முடித்து அனுப்பிய நான்காம் நாள், அதே நம்பரிலிருந்து போன்.

"மேடம், ஒரே ஒரு டவுட். முதுநகர்ல ஒரு வீடு 33 லிட்டர்னு இருக்கே?"

"இட்லிக்கடை சார். மாசம் ரெண்டு டின். பக்கத்துக் கட்டத்துல எழுதியிருக்கு, பாருங்க."

மவுஸ் நகரும் சத்தம் கேட்டது. "ஆமா, இருக்கு. சரி மேடம், பில் அனுப்பிடுங்க" என்றார்.