மகளுக்கு போர்ட் வைத்த பிறகு

எங்கள் மகளுக்கு லியூக்கேமியா, அதாவது இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தபோது ஐந்து வயது. களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அங்கிருந்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலை. சிகிச்சை இரண்டு வருடத்துக்கு மேல் போகும் என்றார்கள். அந்த முதல் கிழமைகளில் பிள்ளையைப் பாடாய்ப் படுத்தியது ஊசிதான். புறங்கையில் நரம்பு கிடைக்காது. கிடைத்தாலும் மருந்து ஏற்றும் சின்னக் குழாயான கனுலா போட்ட இடம் வீங்கிவிடும். அப்புறம் மற்றக் கை, அதுவும் சரிவராவிட்டால் கால். வெள்ளை உடுப்பைக் கண்டாலே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வாள்.

வின்கிரிஸ்டின் போன்ற புற்றுநோய் மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையே புண்ணாகிவிடும், அதனால் நெஞ்சுக்குள் இருக்கும் பெரிய இரத்தக் குழாயில் நீண்ட நாளைக்கு ஒரு லைன், அதாவது மருந்து போகும் மெல்லிய குழாய் வைப்போம் என்றார் டொக்டர். இரண்டு வகை சொன்னார். ஹிக்மன் லைனில் குழாயின் நுனி வெளியே தொங்கும். ஊசி குத்தத் தேவையில்லை, ஆனால் கட்டு மாற்ற வேண்டும், நனையவே கூடாது. போர்ட் என்றால் தோலுக்கு அடியில் சின்ன டப்பி, குழாயும் அதோடு சேர்ந்து உள்ளேயே இருக்கும். மருந்து ஏற்றும்போது மட்டும் அதற்கென்றே உள்ள ஊசியால் குத்துவார்கள். கிணற்றடியில் குளித்துக் கடற்கரை மணலில் புரளும் பிள்ளைக்குப் போர்ட்தான் நல்லது என்று நினைத்தோம். டொக்டரும் சரி என்றார்.

மயக்க மருந்து கொடுத்துத்தான் ஒப்பரேஷன். வீக்கம் வடிந்ததும் தொட்டுப் பார்த்தேன், காறை எலும்புக்குக் கீழே பெரிய பொத்தான் ஒன்றைப் போல இருந்தது.

முதல் தரம் போர்ட்டில் குத்திய நாளில், ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே மரத்துப்போகும் கிரீம் பூசினார்கள். தாதி கை கழுவி, கையுறை போட்டு, இடத்தைத் துடைத்துவிட்டுச் சும்மா நின்றார். துடைத்த மருந்து தானாகக் காய வேண்டும், அப்போதுதான் கிருமி சாகும் என்றார். பிறகு டப்பியை இரண்டு விரலால் பிடித்து நேராகக் குத்தினார். சிரிஞ்சை இழுத்ததும் இரத்தம் வந்தது, சேலைனைத் தள்ளினார். "முடிஞ்சிட்டாம்மா?" என்று கேட்டாள் மகள். அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

லைன் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். 100.4 பாரன்ஹைட் காட்டினால் உடனே ஆஸ்பத்திரி. வெள்ளையணு குறைந்திருக்கும் நேரத்தில் லைனில் கிருமி ஏறியிருந்தால் சில மணித்தியாலத்திலேயே நிலைமை கைமீறிவிடும். ஓர் இரவு அவளுக்கு உடம்பு கொதித்தது. மாமியார் கசாயம் வைக்க எழும்பினார். "கசாயம் பிறகு பார்ப்பம் மாமி" என்று ஓட்டோவில் ஏற்றி மட்டக்களப்புக்குக் கொண்டு போனோம். போர்ட் இருக்கிறது என்று வாசலிலேயே சொல்லி, கிளினிக் கொப்பியை நீட்டினேன். போர்ட்டிலிருந்தும் கையிலிருந்தும் தனித்தனியே இரத்தம் எடுத்தார்கள். கிருமி லைனில்தான் இருக்கிறதா என்பது அப்படி எடுத்தால்தான் தெரியுமாம். முடிவு வரும்வரை காத்திராமல் அன்டிபயோட்டிக்கும் தொடங்கிவிட்டார்கள். சேலைன் தள்ளிய கையோடு குளிரும் நடுக்கமும் வந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இப்போது பெரும்பாலும் குளிசைதான். போர்ட்டுக்கு வேலை இல்லாவிட்டாலும் மாதமொருமுறை, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் கலந்த சேலைன் தள்ளி, அடைபடாமல் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடப் பையின் பட்டி அந்த இடத்தில் அழுத்தாதபடி பழைய சீலைத் துணியை மடித்துத் தைத்திருக்கிறேன். சிகிச்சை முழுதும் முடிந்து டொக்டர் சம்மதித்ததும், இன்னொரு சின்ன ஒப்பரேஷனில் அதை எடுத்துவிடுவார்கள்.