வள்ளியாக வந்தவர் சந்திரமதியாக

தேவிபட்டினத்திற்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் எங்கள் ஊரில், அம்மன் கோயில் திருவிழாவை விசைப்படகுகளின் தடைக்காலத்தில்தான் வைப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகுகள் கரையில் கிடக்கும்; ஆண்கள் வலை பொத்திக்கொண்டும் வம்பு பேசிக்கொண்டும் ஊரிலேயே இருப்பார்கள்; இரவு முழுக்க நாடகம் பார்ப்பதற்கு இதைவிடத் தோதான காலம் கிடையாது. இந்த ஆண்டு வைத்த ஸ்பெஷல் நாடகம், அதாவது நடிகர்களைத் தனித்தனியே அழைத்து நடத்தும் நாடகம், அரிச்சந்திரா மயான காண்டம். சந்திரமதியாக வந்தவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாம்பு தீண்டிய லோகிதாசனை மடியில் கிடத்தி அவர் முதல் அடியை எடுத்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அத்தைதான், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இதே திடலில் வள்ளியாக நின்று நாரதரோடு விடியும்வரை தர்க்கம் பாடியவர் இவர் என்று சொன்னார். சுருதி ஒரு கட்டைக்கு மேல் இறங்கியிருந்தது. உடம்பு பெருத்திருந்தது. ஆனால் அன்று வள்ளியிடம் கேட்காத ஏதோ ஒன்று இந்தக் குரலில் கேட்டது.

அன்றிரவு எனக்குத் திரும்பத் திரும்ப நினைவில் வந்தவர், நான் சில ஆண்டுகளாக விடாமல் கேட்டுவரும் கறுப்பினப் பாடகியும் நடிகையுமான எத்தல் வாட்டர்ஸ். 1896-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், செஸ்டர் என்ற ஊரில், சிறுமியாக இருக்கும்போதே வன்கொடுமைக்கு ஆளான ஒரு தாய்க்குப் பிறந்தவர் அவர். வளர்த்தது பாட்டி, அந்தப் பாட்டி வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்து பிழைத்தவர். பதின்மூன்று வயதில் கல்யாணம், சீக்கிரமே முறிவு, பிறகு பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை. தம் பதினேழாம் பிறந்தநாளன்று ஒரு கேளிக்கை விடுதியில் நண்பர்கள் வற்புறுத்தியதால் இரண்டு பாட்டுப் பாடினார். அதைக் கேட்டவர்கள் பால்டிமோரில் ஒரு தியேட்டருக்குக் கூட்டிப் போனார்கள். வாரத்துக்குப் பத்து டாலர் சம்பளம். மேடையில் ரசிகர்கள் வீசிய காசை அழைத்துப் போனவர்களே எடுத்துக்கொண்டார்கள் என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் நடிகர்களின் சட்டையிலும் சேலையிலும் ரூபாய் நோட்டை ஊக்கில் குத்தி, குத்தியவரின் பெயரை மைக்கில் சொல்லும் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தக் காசின் அருமையும் அதைப் பறிகொடுப்பதன் வலியும் விளங்காமல் இல்லை.

அவர் பாடிய ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பர்களின் பாட்டு வகையை நம்மவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தால், ஒப்பாரியைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஓர் அடியைப் பாடுவார்கள். அதையே கொஞ்சம் அழுத்தம் மாற்றி மறுபடியும் பாடுவார்கள். மூன்றாம் அடியில் அதற்கு ஒரு பதில் வரும். பதில் ஆறுதலாகவும் இருக்கலாம், கிண்டலாகவும் இருக்கலாம். ஒப்பாரியைப் போலவே இதிலும் பாடுகிறவர் 'நான்' என்றுதான் பாடுவார். ஆனால் அந்த 'நான்' யார் என்பது பாதி ரகசியம். எங்கள் பக்கத்துப் பெண்கள் தங்கள் வீட்டில் அழ முடியாத துக்கத்தை அடுத்த வீட்டுச் சாவில் போய் அழுது தீர்ப்பார்கள். செத்தவரின் பெயரைச் சொல்லித்தான் பாடுவார்கள், ஆனாலும் யாருக்காக அழுகிறார்கள் என்பது சுற்றி உட்கார்ந்திருக்கும் மற்றப் பெண்களுக்குத் தெரியும். பாட்டுக்கும் நடிப்புக்கும் நடுவே நாம் போட்டு வைத்திருக்கும் வேலி அந்த இடத்தில் இல்லை. ப்ளூஸ் பாடகி ஒருவர் நடிக்கப் போனார் என்று கேள்விப்பட்டு வியப்பவர்களிடம் எனக்கு வியப்பு ஏற்படுவது இதனால்தான்.

அட்லாண்டாவில் வாட்டர்ஸ், ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தோடு ஒரே மேடையில் பாட நேர்ந்தபோது, தம்முடைய நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் இந்த ஒல்லிப் பெண் ப்ளூஸ் பாடக் கூடாது என்று பெஸ்ஸி நிபந்தனை வைத்தார். பெஸ்ஸியின் குரல் மைக் இல்லாமலே கொட்டகையின் கடைசி வரிசைக்குப் போகும் குரல். வாட்டர்ஸின் குரல் அப்படிப்பட்டதன்று; அவர் சொற்களைத் தெளிவாக, தாழ்வாக, ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். அந்தத் தாழ்ந்த குரலுக்குத் தோதாக ஒலிப்பதிவுத் தட்டு வந்து சேர்ந்தது. 1921-இல் கறுப்பர்களே நடத்திய பிளாக் ஸ்வான் நிறுவனத்திற்கு அவர் பாடிக்கொடுத்த தட்டுகள் நன்றாக விற்றன. பின்னாளில் பெரும் இசைக்குழுத் தலைவரான பிளெட்சர் ஹெண்டர்சன் அப்போது அவருக்குப் பியானோ வாசித்தார். படித்த குடும்பத்துப் பிள்ளையான அவர் வாசிப்பில் ப்ளூஸ் வரவில்லை என்று சொல்லி, ஜேம்ஸ் பி. ஜான்சனின் பியானோ வாசிப்பைக் கேட்டுப் படிக்கச் சொன்னவர், பள்ளிப் படிப்பே சரியாகக் கிட்டாத இந்தப் பெண்.

1933-இல் நியூயார்க்கின் காட்டன் கிளப் என்ற கேளிக்கை விடுதியில் அவர் பாடிய ஒரு பாட்டைக் கேட்ட பாடலாசிரியர் இர்விங் பெர்லின், தாம் எழுதிக்கொண்டிருந்த 'அஸ் தவுசண்ட்ஸ் சியர்' என்ற பிராட்வே (நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள்) நிகழ்ச்சிக்கு அவரை அழைத்தார். நாளிதழின் தலைப்புச் செய்திகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு காட்சியோ பாட்டோ அமைத்த கேலி நிகழ்ச்சி அது. வானிலைச் செய்திக்கு ஒரு குதூகலப் பாட்டு அவருக்குக் கொடுக்கப்பட்டது. அதே இரவில், வெறிபிடித்த கூட்டம் ஒரு கறுப்பரை அடித்துக் கொன்றது என்ற தலைப்பின் கீழ் 'சப்பர் டைம்' என்ற பாட்டும் கொடுக்கப்பட்டது. கொல்லப்பட்டவரின் மனைவி சாப்பாட்டு மேசையை அடுக்க வேண்டிய நேரம்; பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள்; அப்பா இனி வரமாட்டார் என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது. பாட்டில் கொலை பற்றி ஒரு சொல்கூட இல்லை. சிரிக்க வந்த கூட்டத்தின் நடுவில் அதைப் பாட வேண்டும், பாடிவிட்டு அந்த நிகழ்ச்சியின் மற்றக் கேளிக்கைகளுக்கும் இடம் விட வேண்டும்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் ஊர் வள்ளம் ஒன்று இரண்டு நாள் திரும்பவில்லை. அதில் போயிருந்த ஒருவரின் மனைவி எங்களுக்குப் பெரியம்மா முறை. கரையில் கூட்டம் நின்றது; கிழவிகள் சிலர் அழவும் தொடங்கிவிட்டார்கள். பெரியம்மா இரண்டு இரவும் வழக்கம்போல் உலை வைத்து, பிள்ளைகளுக்குப் போட்டு, கணவருடைய பங்கை எடுத்து மூடி வைத்து, காலையில் அதில் தண்ணீர் ஊற்றினார். அழவில்லை, யாரோடும் பேசவும் இல்லை. மூன்றாம் நாள் எஞ்சின் பழுதான வள்ளத்தை வேறொரு படகு இழுத்து வந்தது. எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். பெரியம்மா அப்போதுதான் கணவரைத் திட்டித் தீர்த்தார். 'சப்பர் டைம்' பாட்டை முதன்முதலாகக் கேட்டபோது, வாட்டர்ஸ் குரலை உயர்த்தியிருக்கக்கூடிய இடங்களில் எல்லாம் உயர்த்தாமல் விட்டதைக் கேட்டபோது, அந்த மூடி வைத்த சட்டிதான் என் கண்முன் வந்தது. கடைசியில் ஓரிடத்தில் மட்டும் குரல் எழும். அதற்குமுன் பிடித்து வைத்திருந்தது எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும். என் கணக்கில் அவர் நடிகையானது அந்தப் பாட்டில்தான். பிறகு வந்ததெல்லாம் அதன் நீட்சி.

அந்த நீட்சியில் பெரியது 1939-இல் பிராட்வேயில் அரங்கேறிய 'மாம்பாஸ் டாட்டர்ஸ்' நாடகம். அதில் ஹேகர் என்னும் உழைப்பாளித் தாயாக நடித்த வாட்டர்ஸ், ஹேகர் தம் தாயேதான் என்று சொன்னார். நியூயார்க் டைம்ஸின் விமர்சகர் புரூக்ஸ் அட்கின்சன் அவரது நடிப்பைப் பாராட்டவில்லை. கலைஞர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து அதே செய்தித்தாளில் காசு கொடுத்து விளம்பரம் வெளியிட்டு அவரைப் புகழ்ந்தார்கள். அட்கின்சன் மீண்டும் போய்ப் பார்த்துவிட்டுத் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அடுத்து 'கேபின் இன் த ஸ்கை' மேடையிலும், 1943-இல் திரையிலும். படப்பிடிப்பில் ஏற்பட்ட மனக்கசப்புகளுக்குப் பிறகு சில ஆண்டுகள் திரையில் அவருக்கு வேலையே இல்லை. கோபக்காரர் என்று பேர் இருந்தது. அந்தப் பேர் பொய்யென்று அவரும் சொன்னதில்லை.

1949-இல் 'பிங்கி' என்ற படத்தில் பாட்டி வேடம். துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை. மறு ஆண்டு 'தி மெம்பர் ஆஃப் தி வெட்டிங்' நாடகத்தில் சமையல்காரி பெரனிஸ். இந்த வேடத்தை அவர் முதலில் மறுத்தார். அந்தப் பெண்ணிடம் கடவுளே இல்லை என்பது காரணம். தம் விருப்பப்படி அந்தப் பாத்திரத்தைச் செய்ய இசைவு கிடைத்த பிறகே ஒப்புக்கொண்டார்; தாம் சிறு வயதிலிருந்து நம்பிய ஒரு தேவாலயப் பாட்டையும் அதில் வைத்தார். 501 முறை அந்த நாடகம் நடந்தது. சமையல்காரி, வேலைக்காரி, பாட்டி என்ற வேடங்களே கிடைத்தன என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்த அடுப்படிப் பெண்களுக்குள் அவர் எவ்வளவு இடம் கண்டுபிடித்தார் என்பதைப் பார்க்கும்போது அந்த வருத்தம் குறையவில்லை, இன்னும் கூடத்தான் செய்கிறது.

இதைப் படிக்கும் நம்மவர்களுக்குக் கே.பி. சுந்தராம்பாள் நினைவுக்கு வந்திருப்பார். வரத்தான் வேண்டும். மேடையில் வளர்ந்த குரல். கணவர் கிட்டப்பா 1933-இல் மறைந்த பிறகு துறவுபோல் ஒதுங்கியவர், 1935-இல் நந்தனாராகத் திரும்பினார். நாற்பத்தைந்து வயதை எட்டுமுன்பே திரையில் ஔவையார். முதுமையை வேடமாக எடுத்து, அந்த வேடத்துக்குள் குரலின் முழு வலுவையும் வைத்தவர் அவர். ஆனால் ஒப்பீட்டை இதற்குமேல் இழுக்க நான் விரும்பவில்லை: வாட்டர்ஸ் இரட்டைப் பொருள் பாட்டுகளில் தொடங்கி, 1957 முதல் கிறிஸ்தவப் பிரசங்கியார் பில்லி கிரகாமின் கூட்டங்களில் பாடகர் குழுவோடு நின்று பக்திப் பாட்டில் முடித்தவர், வழி வேறு.

1961-இல் 'ரூட் 66' என்ற தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியில் அவருக்குக் கிடைத்த வேடம், சாகக் கிடக்கும் ஒரு பழைய ப்ளூஸ் பாடகி. தம் பழைய வாத்தியக்காரர்களை ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது அந்தக் கிழவியின் ஆசை. வாத்தியக்காரர்களாக வந்தவர்களில் கோல்மன் ஹாக்கின்ஸ், ராய் எல்ட்ரிட்ஜ் போன்ற அசல் ஜாஸ் மேதைகளும் இருந்தார்கள். வாட்டர்ஸ் பெரும்பகுதி படுக்கையில்தான் இருக்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தட்டில் கேட்ட அதே தெளிவோடு சொற்கள் வருகின்றன. தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. அப்படிப் பரிந்துரைக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் அவர். 1977-இல் இறந்தார்.

எங்கள் ஊர் நாடகம் விடியற்காலை ஐந்தரைக்கு முடிந்தது. ஆர்மோனியத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். சந்திரமதியாக வந்த அம்மா சேலையில் குத்தியிருந்த நோட்டுகளை ஊக்கு நீக்கி எடுத்து அடுக்கிக்கொண்டே டீ குடித்தார். அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏம்மா, இப்பவும் வள்ளி வேசம் கட்டுறியா?" என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டு, "வள்ளிக்கு ஆத்தாளா வேணா வரலாம்க்கா, அந்தக் கதையில அவளுக்கு ஒரு பாட்டுகூட இல்லையே" என்றார். அடுத்த இரவு அவருக்குத் தொண்டிப் பக்கம் ஓர் ஊரில் பவளக்கொடி நாடகம் இருந்தது. அதில் என்ன வேடம் என்று கேட்க நாங்கள் மறந்துவிட்டோம்.