ஓராண்டு இடைவெளி, பிறகு வேறு கல்லூரி

2020ஆம் ஆண்டு, சென்னையை அடுத்துள்ள, அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த தனியார் கல்லூரி ஒன்றில் பி.இ. சேர்ந்தேன். மூன்றாம் பருவம் நடந்துகொண்டிருந்தபோது அம்மாவைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளியது. கவனித்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லாததால், ஓராண்டு படிப்பை நிறுத்திவைத்துவிட்டு, அதன்பின் திருநெல்வேலிப் பக்கத்திலுள்ள கல்லூரி ஒன்றுக்கு மாறிக்கொள்வது என்று முடிவெடுத்தேன்.

பேசாமல் ஊருக்குப் போய்விடு, வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் தேர்வெழுத விடமாட்டார்கள், அடுத்த ஆண்டு அதே பருவத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்றுதான் பலரும் யோசனை சொன்னார்கள். கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், எங்கள் ஆண்டு மாணவர்களுக்குரிய, பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறைகளின்படி இதில் ஒரு சிக்கல் இருந்தது. வருகைக் குறைவால் தடுக்கப்படும் காலம், அனுமதி பெற்ற படிப்பு இடைவெளியாகக் கருதப்படாது. சிறப்பு முதல் வகுப்பு (First Class with Distinction) பெற, நான்காண்டுப் படிப்பை ஐந்தாண்டுகளுக்குள் முடிக்க வேண்டும்; அந்தக் கூடுதல் ஓராண்டு அனுமதி பெற்ற இடைவெளிக்குத்தான். எனவே காரணத்தையும் திரும்பி வரும் உத்தேசக் காலத்தையும் எழுதி, அம்மாவின் மருத்துவச் சான்றுகளை இணைத்து, கல்லூரி முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். அந்தப் பருவத் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளுக்குள் இது போய்ச் சேர வேண்டும் என்பதால், அலுவலகத்தில் கோப்பு அசையும்வரை நானே மேசை மேசையாக நின்றேன். கல்விக் கடன் கொடுத்த வங்கிக்கும், படிப்பு முடியும் ஆண்டு தள்ளிப்போவதைக் கடிதமாக எழுதிக் கொடுத்தேன்.

இடைவெளியின்போது மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடலாமே என்று அப்பா கேட்டார். நான் மறுத்துவிட்டேன். மாறுதல் ஆணை கைக்கு வராமல் டி.சி. வாங்கினால், படிப்பைக் கைவிட்ட மாணவனாகப் பதிவாகிவிடலாம் என்பது என் அச்சம். பழைய கல்லூரியின் பட்டியலில் பெயர் இருப்பதே பாதுகாப்பு என்று இன்றும் நினைக்கிறேன்.

மாறுதலுக்கு இரு கல்லூரிகளின் தடையின்மைச் சான்றும், சேரப்போகும் கல்லூரியில் அதே பாடப்பிரிவில், அதே ஆண்டில் காலியிடமும் தேவைப்பட்டன. புதிய கல்லூரி உடனே சம்மதித்தது. பழைய கல்லூரியோ, மீதமுள்ள ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்று தருவோம் என்று இழுத்தடித்தது. அப்படிக் கேட்கும் விதி எது என்று எழுத்தில் கேட்ட பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது. கிண்டியிலுள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் ஆணை கிடைத்ததும், 2022இல் மூன்றாம் பருவத்தில் சேர்ந்தேன்.

நான் எதிர்பாராத சுமை அதற்குப் பிறகுதான் வந்தது. திரும்பிச் சேருபவருக்கு அப்போது நடைமுறையிலுள்ள பாடத்திட்டமே பொருந்தும். எனக்கு இளையவர்களோ 2021 விதிமுறைகளின்கீழ் படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு திட்டங்களுக்கும் இடையிலான வேறுபாட்டை ஈடுகட்டும் கூடுதல் பாடங்களைக் கேட்டு, பருவத் தொடக்கத்திலேயே விண்ணப்பித்தேன். வழக்கமான தாள்களோடு அவற்றையும் எழுத வேண்டியிருந்ததால், அந்த ஆண்டு முழுவதும் என் தேர்வு அட்டவணை மற்றவர்களுடையதைவிட நீளமாகவே இருந்தது.