கரிசலில் பிறந்தவனுக்கு வாய்த்த கரிசல் மனை

மெல்போர்னின் மேற்கே புதிதாக வீடுகள் முளைக்கும் தெருக்களில் வார நாட்களில் காலை ஏழு அடிக்கும் வரை மூச்சுச் சத்தம் இருக்காது. ஏழு அடித்ததும் ஏதோ ஒரு மனையில் கல் உடைக்கும் பிரேக்கர் பாறையில் இறங்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு நின்றுவிடும். சனிக்கிழமை என்றால் மத்தியானம் ஒரு மணியோடு சரி. குடியிருப்புப் பகுதியில் கட்டட வேலைச் சத்தத்துக்கு விக்டோரியா மாநிலத்தில் அதுதான் நேரம். இந்த ஊருக்கு வந்த புதிதில், மணி ஏழு ஆவதற்கு இரண்டு நிமிடம் முன்பே பொக்லைனில் ஏறி, சாவியைத் திருகாமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டரைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது நானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமோ சிவில் படித்துவிட்டுத் திருநெல்வேலியில் எட்டு வருடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். 2018-இல் மனைவிக்கு நர்ஸ் வேலையில் விசா கிடைத்து இங்கே வந்தோம். அவள் வந்த மூன்றாம் வாரமே வேலைக்குப் போய்விட்டாள். நான் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தேன். உள்ளூர் அனுபவம் இல்லை என்று எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். நான்கு மாதம் கழித்து, சும்மா வீட்டில் இருந்து சாம்பார் வைத்தது போதும் என்று ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புக்குப் போய் ஒயிட் கார்டு எடுத்தேன். கட்டட வேலை நடக்கும் இடத்தில் வேலை பார்க்க இங்கே எவருக்கும் அது வேண்டும், என்ஜினியராக இருந்தாலும் சரி, மண் அள்ளுபவராக இருந்தாலும் சரி. இரும்பு முனை வைத்த பூட்ஸ், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சட்டை, தொப்பி. வீட்டுமனைகளைச் சமப்படுத்திக் கொடுக்கும் ஒரு சிறிய ஒப்பந்தக்காரரிடம் கூலியாளாகச் சேர்ந்தேன்.

மண்வெட்டியைப் பிடித்ததில் வெட்கம் இல்லை என்று சொன்னால் பொய். ஊரில் நான் நிழலில் நின்று கை காட்டினால் ஜேசிபி திரும்பும். இங்கே ஜேசிபிக்கு முன்னால் நான் நின்றேன். அப்பாவிடம் முதல் ஆறு மாதம் "சைட்ல வேலை" என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதானே.

எங்கள் ஆபரேட்டர் ஐரோப்பாவின் மால்டா தீவிலிருந்து சின்ன வயதில் பெற்றோரோடு கப்பலில் வந்தவர். இந்த மேற்குப் பகுதியில் மால்டாக்காரர்கள் நிறைய. வயது அறுபதுக்கு மேல். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வளையவில்லை. 'சார்' என்றேன். "சார் எல்லாம் பள்ளிக்கூடத்தில். இங்கே பேர் சொல்லு, இல்லாவிட்டால் வேலை சொல்லித் தர மாட்டேன்" என்றார். பேர் சொல்லாமலும் சார் போடாமலும் ஒரு வாரம் சமாளித்தேன். அப்புறம் பேர் வந்துவிட்டது.

அவர் முதலில் சொல்லித் தந்தது நிற்கும் இடம். பொக்லைன் சுழலும்போது பின்பக்க எடை எங்கே வரும், ஆபரேட்டர் கண்ணுக்கு எந்தப் பக்கம் மறையும், இதெல்லாம் வயிற்றில் பதிய வேண்டும் என்றார். அவர் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இரண்டு கையையும் லீவரிலிருந்து எடுத்து எனக்குக் காட்டிய பிறகுதான் கிட்டே போகலாம். ஊரில் ஓடுகிற பக்கெட்டுக்குக் கீழேயே குனிந்து கல் பொறுக்கும் ஆட்களை எத்தனை முறை பார்த்திருக்கிறேன், நானே அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்தபோது உள்ளங்கை வேர்த்தது.

தலைக்கு மேல் மின்கம்பி போகும் தெருவென்றால் இன்னொரு கணக்கு. கம்பத்தில் போகும் கம்பிக்கு 6.4 மீட்டருக்குள் எந்திரத்தின் எந்தப் பாகம் வருவதானாலும், அதைப் பார்த்துக்கொண்டே நிற்பதற்கென்று பயிற்சி பெற்ற ஒரு ஆள் வேண்டும். மூன்று மீட்டருக்குள் என்றால் மின்சார நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் முடியாது. அந்த 'பார்த்துக்கொண்டு நிற்கும் ஆள்' வேலைக்கான சான்றிதழைத்தான் நான் அடுத்து எடுத்தேன். சும்மா நிற்பதற்குச் சம்பளமா என்று மனைவி கேட்டாள். ஒரு நாள் முழுக்க ஒரு கம்பியையும் பூம் என்கிற பொக்லைனின் பெரிய கையையும் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தால் சாயங்காலம் கண்ணைத் திறக்க முடியாது.

கீழே இருப்பது இன்னும் மோசம். தோண்டும் முன் எந்தக் குழாய், எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று வரைபடம் கேட்டு வாங்க வேண்டும். அந்தச் சேவை இலவசம். ஆனால் வரைபடம் தோராயம்தான். அதை நம்பி எந்திரத்தை இறக்கக் கூடாது, கையால் தோண்டிக் குழாயைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஆரஞ்சு என்றால் மின்சாரம், மஞ்சள் என்றால் கேஸ், ஊதா என்றால் சுத்திகரித்த மறுபயன்பாட்டு நீர். இந்தப் பக்கத்துப் புது வீடுகள் பலவற்றுக்கு இரண்டு குழாய் வரும். ஊதாவில் வருவது தோட்டம், கழிப்பறை மாதிரி வேலைகளுக்கு, குடிக்கக் கூடாது.

ஊதா எனக்கு மறக்காது. குட்டிப் பொக்லைனை முதன்முதலாகத் தனியாக ஓட்டிய மாதம் அது. இடது கை லீவரில் சுழலுவதும் கை நீட்டுவதும், வலது கையில் பூமும் பக்கெட்டும். நான்கையும் ஒன்றாக அசைக்கக் கை பழகிவிட்ட திமிர். குழாயை ஒரே இடத்தில் கையால் தோண்டிப் பார்த்தேன். நேராகத்தான் போகும் என்று நினைத்துக்கொண்டேன். அது இரண்டு மீட்டர் தள்ளி வளைந்திருந்தது. தண்ணீர் என் தலைக்கு மேல் பீய்ச்சி அடித்தது. பெரியவர் ஓடிப்போய் வால்வை அடைத்துவிட்டு வந்து, "இன்னும் ஒரு குழி தோண்ட எத்தனை நிமிடம் ஆகும்?" என்று மட்டும் கேட்டார். பத்து நிமிடம் என்றேன். பிளம்பர் வந்து சரி செய்யும் வரை மூன்று மணி நேரம் நாங்கள் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நாள் மேல்மண்ணைச் சீவி எடுத்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். கருத்துப்போன களிமண். வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. மழை பெய்தால் பூட்ஸ் ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. இதை எனக்குத் தெரியும்! எரிமலைக் குழம்பு உறைந்த பாறை இத்துப்போய் உண்டான களி இது. மெல்போர்னிலிருந்து மேற்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எரிமலைச் சமவெளிதான். எங்கள் ஊர்க் கரிசலைப் போலவே ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். பாலிடெக்னிக்கில் 'பிளாக் காட்டன் சாயில்' என்று படித்த பாடம் ஏறத்தாழ ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு இப்பால் என் காலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஒரு வித்தியாசம், இங்கே களிக்குள் கல் இருக்கிறது. மெல்போர்னின் பழைய சந்துகளில் பாவியிருக்கிறார்களே, அந்தக் கருநீலக் கல். சில இடங்களில் பாளமாக, சில இடங்களில் யானைக்குட்டி மாதிரி உருண்டையாகக் களிக்குள் தனித்தனியாகக் கிடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே விவசாயம் செய்ய வந்தவர்கள் நிலத்திலிருந்து பொறுக்கிய கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கியே வேலி கட்டியிருக்கிறார்கள். 1940-க்கு முன் கட்டிய அந்தக் கல்வேலிகளைச் சில பகுதிகளில் அனுமதி இல்லாமல் பிரிக்கக் கூடாது. வசந்த காலத்தில் அந்தக் கல்லிடுக்குப் பக்கம் கையை விடவும் கூடாது. அதற்குச் சட்டம் தேவையில்லை, பாம்பே போதும்.

2022-இல் நாங்களும் ஒரு மனை வாங்கினோம். வீடு கட்டித் தரும் நிறுவனம் மண் பரிசோதனைக்கு இரண்டு மூன்று இடத்தில் துளை போட்டுப் பார்த்தது. 'ஹெச்1' என்று அறிக்கை வந்தது. தரை 40 முதல் 60 மில்லிமீட்டர் வரை ஏறி இறங்கக்கூடிய களி என்று அர்த்தம். பாறையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மனையை நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன் நல்ல நாள் பார்த்து நாங்களே பூமி பூஜை செய்தோம். தேங்காய் உடைத்து, மனைவி சின்னக் கொத்துக்கரண்டியால் ஈசான மூலையில் குத்தினாள். நான்கு விரல் ஆழத்தில் 'ணங்' என்றது. நான் மனைவியைப் பார்த்தேன். "சகுனம் நல்லாத்தான் இருக்கு, மணிச் சத்தம்" என்றாள். மணிச் சத்தத்துக்கு என்ன செலவாகும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அப்பாவுக்கு வரைபடத்தை அனுப்பினேன். வீடியோவில் வந்தார்.

"அஸ்திவாரத்துக்கு வானம் எத்தன அடி தோண்டுதாக?"

"வானமே தோண்ட மாட்டாகப்பா. தரைய மட்டம் பண்ணி, அதுக்கு மேல தெர்மாகோல் பெட்டிய அடுக்கி, இடையில கம்பி கட்டி கான்கிரீட் போட்டுருவாக."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"தெர்மாகோல் மேலயா வீடு கட்டுதான்?"

அவருக்குப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது. தெர்மாகோல் எடையைத் தாங்குவதில்லை, இடத்தை அடைத்துக்கொள்கிறது. பெட்டிகளுக்கு நடுவில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கான்கிரீட் பட்டைகள்தான் தாங்கும். எங்கள் ஊரில் கரிசலைத் தாண்டி சுக்கான் பாறை வரும் வரை தோண்டி, அதில் காலை ஊன்றப் பார்ப்போம். இங்கே களி அசைந்தால் அசைந்துவிட்டுப் போகட்டும், வீடு மொத்தமும் ஒரு கட்டுமரம் போலச் சேர்ந்து அசையட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். கட்டுமரம் என்றதும் அப்பா சமாதானமானார். கடலைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிற மனுஷனுக்கு அது எப்படிப் புரிந்ததோ.

எந்திரம் வந்த அன்று லீவு போட்டேன். ஆனால் உள்ளே போக முடியாது. வேலை முடியும் வரை மனை நிறுவனத்தின் பொறுப்பு, சொந்தக்காரன் வேலிக்கு வெளியே. ஊரார் மனையை எல்லாம் சமப்படுத்திய நான் என் மனை வேலியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஓட்டியவனின் கையைக் குறை சொல்லிக்கொண்டு நின்றேன். நன்றாகத்தான் ஓட்டினான். பல் இல்லாத அகலப் பக்கெட்டால் அவன் தரையை இழுக்க, இன்னொருவன் லேசர் கோலை வைத்து மட்டம் பார்த்தான். ஊரில் இரண்டு பேர் டியூபில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு "இருக்கா... இருக்கா..." என்று கத்திக்கொண்டிருப்போம். இங்கே அது பீப் அடிக்கிறது, அவ்வளவுதான்.

பதினொரு மணிக்குக் கல் வந்தது. பக்கெட் கிறீச்சிட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து டன் எந்திரத்தை ஓரமாக நிறுத்திவிட்டு, மறுநாள் பதினான்கு டன்னைப் பிரேக்கரோடு கொண்டுவந்தார்கள். சாக்கடைக் குழாய் போகும் பள்ளம் முழுக்கப் பாறை. இரண்டரை நாள் அடித்தார்கள். ஒப்பந்தத்தில் பாறைக்கு உத்தேசமாகப் போட்டிருந்தது நான்கு இலக்கம், பில்லில் வந்தது ஐந்து இலக்கம். அப்போதுதான் மனைவிக்கு மணிச் சத்தத்தின் கதையைச் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் சமையல் இல்லை.

மூன்றாம் நாள் உடைந்த கல்லை எல்லாம் டிப்பரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு வெளியிலிருந்தே ஆபரேட்டரைக் கைகாட்டி நிறுத்தினேன். அவன் பக்கெட்டை இறக்கி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். ஒரே ஒரு உருண்டைக் கல்லை விட்டுவிட்டுப் போக முடியுமா என்று கேட்டேன். சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு, அதைப் பூவைப் போல மெதுவாக முன்மூலையில் இறக்கி வைத்தான்.

கல் இன்றும் வாசலில்தான் இருக்கிறது. போன கோடையில் அதை ஒட்டி ஒரு வெடிப்பு ஓடியது. அப்பா வீடியோவில் வந்தபோது போனைக் குனிந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்.

"ஏலே, இது நம்ம மண்ணுல்லா! ரெண்டு வரி பருத்தி போட்டுப் பாரேன்."