பிளாக் இல்லாமல் சென்னைக்கு ஒரு வெட்டி அலைச்சல்

புராஸ்டேட் புற்றுநோய்க்கு வெளியூரில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்கள், பயாப்சி எடுத்த அன்றைக்கே லேபில் ஸ்லைடையும் (சதைத்துணுக்கை ஒட்டிய கண்ணாடித் தகடு) பிளாக்கையும் (சதைத்துணுக்கைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி) கேட்டு வையுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. மன்னை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க மணிக்கு ஒருதரம் எழுந்து போய்க்கொண்டே சென்னை சேர்ந்தால், டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு "பிளாக் எங்கே?" என்றார். புற்றுநோயின் வீரியத்தைக் காட்டும் கிளீசன் ஸ்கோரை அவர்கள் லேபிலேயே மறுபடி பார்த்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சாம். அன்று மாலையே திரும்பினோம்.

ஊர் லேபில் "அதெல்லாம் வெளியே தர மாட்டோம் சார்" என்றது அந்தப் பெண், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டாக்டர் கடிதம், ஆதார் நகல், என் மகளின் சத்தம், எல்லாம் சேர்ந்து மூன்றாம் நாள் கைக்கு வந்தது. வெள்ளை மெழுகுக்குள் ஒடிந்த சேமியா மாதிரி ஏதோ. இதற்கா இவ்வளவு! மெழுகு உருகிவிடும் என்று பயந்து என் மனைவி அதை ஈரத்துணியில் சுற்றித் தயிர்சாத டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

இதற்கிடையில் டீக்கடை வைத்தியம் வேறு. "சுரண்டி எடுத்தால் போதும், என் சம்பந்தி மறுவாரமே நடவுக்கு இறங்கிட்டார்." அது சாதாரண வீக்கத்துக்குச் செய்வது, புற்றுநோயைத் தீர்க்காது. இன்னொருவர் விரைகளை எடுக்கச் சொன்னார். அது நோய் பரவியவர்களுக்கு ஹார்மோனைக் குறைக்க. எனக்கு ஸ்கேனில் பரவல் இல்லை, கிளீசன் 7. சுரப்பியை விந்துப்பையோடு முழுசாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் கதிர்வீச்சு. வாரக்கணக்கில் சென்னையில் தங்க வழியில்லாததால் ஆபரேஷன் என்றேன்.

திறந்து செய்வதா, லேப்ராஸ்கோப்பியா, ரோபோவா? எப்படிச் செய்தாலும் எடுப்பது ஒன்றுதான், துளை போட்டுச் செய்தால் ரத்த இழப்பு குறைவு என்றார் டாக்டர். ரோபோவுக்கான தொகையைக் கேட்டதும் லேப்ராஸ்கோப்பி போதும் என்றாகிவிட்டது. இந்த மாதிரி ஆபரேஷன் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேட்டேன், அவரும் கோபப்படாமல் சொன்னார். பயாப்சி புண் ஆற எப்படியும் சில வாரம் விடுவார்கள் என்பதால் என் அலைச்சலால் தேதி தள்ளிப் போகவில்லை.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. பத்தாம் நாள் சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள். அன்றைக்கு டயப்பர் வாங்கிப் போகாதது அடுத்த முட்டாள்தனம். எழும்பூரில் ஒரு தும்மல், வேட்டி நனைந்துவிட்டது. சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத்தசைப் பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள் (குழாய் இருக்கும்போது வேண்டாம்). எனக்குச் சிறுநீர்க் கசிவு நான்காவது மாதத்தில்தான் அடங்கியது, இப்போது பலமாக இருமினால் மட்டும் கொஞ்சம்.