உடைந்த முட்டைக்குக் கலம் இல்லை

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஒரு மாவட்டத்தின் சத்துணவுப் பிரிவில் நான் பொதுத் தகவல் அலுவலராகவும் இருந்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எங்களுக்கு வந்த மனுக்களில் பெரும்பாலானவை காலிப் பணியிடம், பணிமூப்பு, ஒப்பந்தப்புள்ளி ஆகியவற்றைப் பற்றியவை. அவற்றுக்கு விடை எழுதக் கை பழகியிருந்தது. 2012ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வந்த ஒரு மனு அந்த வகையைச் சேர்ந்ததன்று. கோடு போட்ட தாளில், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஐந்து கேள்விகளை ஒருவர் கையால் எழுதி அனுப்பியிருந்தார். சத்துணவில் முட்டை கொடுக்கத் தொடங்கியது எந்த ஆண்டில், எந்த ஆணையின்படி? அன்று வாரத்துக்கு எத்தனை, இன்று எத்தனை, கூட்டியது எப்போது? ஒரு முட்டை என்ன எடை இருக்க வேண்டும்? தம் மகள் படிக்கும் பள்ளியின் மையத்துக்குக் கடந்த மூன்று மாதங்களில் வந்த முட்டைகள் எத்தனை, நாள்வாரியாகக் கொடுக்கப்பட்டவை எத்தனை? அந்தப் பதிவேடுகளை நேரில் பார்க்க எந்த நாளில் வரலாம்?

நான்காவதும் ஐந்தாவதும்தான் உண்மையான கேள்விகள், முதல் இரண்டும் மனுவுக்குக் கனம் சேர்க்க எழுதப்பட்டவை என்று நான் முடிவு செய்தேன். வரைவில் அவ்விரண்டுக்கும் எதிரே "இவ்வலுவலகம் தொடர்புடையதன்று" என்று எழுதினேன். அது சட்டப்படியும் பிழை. நம்மிடம் இல்லாத தகவலை உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாட்களுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும் என்று 6(3) பிரிவு சொல்கிறது. வரைவைத் தட்டச்சுக்கு அனுப்பாமல் திருப்பிக் கொண்டுவந்த பிரிவு உதவியாளர் அந்தப் பிரிவை எனக்கு நினைவூட்டினார். மாற்றல் கடிதம் போயிற்று. ஆனாலும் மனுதாரர் நேரில் வரும்போது கையில் ஏதாவது இருக்கட்டும் என்று, எங்கள் பதிவறையில் கிடைத்த சுற்றறிக்கைகள், பழைய கொள்கை விளக்கக் குறிப்புகள் ஆகியவற்றிலிருந்து ஆண்டுகளைத் தொகுக்கத் தொடங்கினேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரசுப் பணியில் இருந்தும், மாதந்தோறும் பல இலட்சம் முட்டைகளுக்குப் பட்டியல் ஏற்பளித்தும், அந்த முட்டை எங்கிருந்து தட்டுக்கு வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பள்ளியில் சோறு என்ற எண்ணம் 1920இல் சென்னை மாநகராட்சி மன்றத்தில் தீர்மானமாக நிறைவேறியது. பிட்டி தியாகராயர் மன்றத் தலைவராக இருந்த காலம் அது. ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில், ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் தொடங்கி, வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று ஆங்கில அரசு மறுத்துவிட்டதால் 1925இல் நின்றுபோனது. 1956இல் காமராசர் ஆட்சியில், அரசின் பங்கும் ஊராரின் நெல்லும் பணமும் சேர்ந்து மதிய உணவு மாநிலம் முழுவதற்குமான திட்டமாயிற்று. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அதுவே சத்துணவாக விரிந்தது. தட்டில் அதுவரை சோறும் பருப்பும் காயும்தான். முட்டை வந்தது 1989இல், கருணாநிதி ஆட்சியில், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக. 1998இல் வாரம் ஒன்றானது. 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் ஐந்து. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் என்ற ஏற்பாடும் இதற்கிடையே வந்தது. சோற்றுக்குப் பின் முட்டை என்ற இந்த வரிசைக்கு இன்னொரு பழைய ஒப்புமை இருப்பதைப் பின்னாளில் அறிந்தேன். வீட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி மனிதரோடு வாழப் பழகியதே தென்கிழக்காசியாவில் நெல்லும் தினையும் விளைந்த இடங்களில்தான் இருக்க வேண்டும் என்று 2022இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. மனுதாரர் கேட்டது இதையன்று என்றாலும், அவருக்குச் சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

குறித்த நாளில் அவர் வந்தார். நாற்பது வயது இருக்கும், கொத்தனார். சட்டைப் பையில் மடித்த தாளும் பேனாவும் வைத்திருந்தார். நாற்காலியைக் காட்டியும் சற்று நேரம் நின்றுகொண்டே இருந்தார். முட்டை தொடங்கிய ஆண்டை எதற்குக் கேட்டீர்கள் என்று நான் கேட்டேன். காரணம் கேட்க எனக்கு உரிமை இல்லை. மனுதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை என்று 6(2) பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ஆனால் அவர் தயங்காமல் சொன்னார். "மையத்துல போய் மொதல்ல வாய்மொழியாத்தான் கேட்டேங்க ஐயா. அரசாங்கம் சும்மா போடுற முட்டைக்குக் கணக்கு வேற கேக்குறீங்களான்னாங்க. சும்மாவா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கேப்போம்னுதான் எழுதினேன்."

நான் அலங்காரம் என்று ஒதுக்கிய முதல் கேள்விதான் அவருடைய மனுவின் அடித்தளம்.

'போடுதல்' என்ற சொல்லை நாம் யோசிக்காமல் பயன்படுத்துகிறோம். சோறு போடுவது, பிச்சை போடுவது, ஓட்டுப் போடுவது எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்க்கப்பட்ட நமக்கு, உண்ட சோற்றுக்குக் கணக்குக் கேட்பது நன்றி கொன்ற செயலாகப் படுகிறது. உப்பு யாருடையது என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. மேடைகளில் இந்தத் திட்டத்தின் தோற்றம் எப்போதும் ஒரு தலைவரின் இரக்கமாகவே சொல்லப்படுகிறது. எந்தத் தலைவர் என்பதில்தான் கட்சிக்குக் கட்சி வேறுபாடு. அந்த இரக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. இரக்கமில்லாமல் அந்தச் செலவை எவரும் துணிந்திருக்க மாட்டார்கள். ஆனால் தோற்றத்தைக் கொடையாகச் சொல்லும்போது உண்பவரிடம் நன்றி மட்டுமே மிச்சமாகிறது. அதையே தீர்மானமாக, நிதி ஒதுக்கீடாக, நாளும் எண்ணும் இட்ட ஆணையாகச் சொன்னால், அந்த ஆணையில் எழுதியபடி எனக்கு வந்ததா என்று கேட்க ஒரு கொத்தனாருக்கும் இடம் கிடைக்கிறது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட இடைக்கால ஆணை இதைத்தான் நாடு முழுவதற்கும் செய்தது. அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட சமைத்த உணவு, ஆண்டில் குறைந்தது 200 நாட்கள் என்று அது அளவு சொன்னது. அளவு சொல்லப்பட்ட பிறகு எந்தப் பொருளும் சும்மா வருவதன்று.

1920இன் கதையில் இன்னொன்றும் என்னை நெருடியது. அன்றும் கணக்குக் கேட்கப்பட்டது, ஆனால் மேலிருந்து கேட்கப்பட்டது. எந்தத் தலைப்பில் செலவு எழுதினாய் என்ற கேள்வி பிள்ளைகளின் சோற்றை நிறுத்தியது. நான் பழகிய தணிக்கையும் அந்தத் திசையிலிருந்து வருவதுதான். இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை சட்டமன்றத்துக்குப் போய், பொதுக் கணக்குக் குழு அதை ஆராய்ந்து எங்களிடம் விளக்கம் கேட்கும் நேரத்தில், அந்த முட்டையைச் சாப்பிட வேண்டிய பிள்ளை பள்ளியை விட்டே போயிருக்கும். அந்த வழி தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய கொள்முதல் முறைகேடுகளை வேறு எவராலும் பிடிக்க முடியாது. ஆனால் ஒரு மையத்தின் ஒரு வாரத்துக் கணக்கை அந்த ஊர்க்காரரால்தான் பார்க்க முடியும். இராசத்தானில் 1990களில் கூலித் தொழிலாளர்கள் வருகைப் பட்டியலை ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படிக்கச் செய்து, வேலைக்கே வராதவர் பெயர்களை அடையாளம் காட்டிய நிகழ்ச்சிகளிலிருந்துதான் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கான கோரிக்கை வலுப்பெற்றது. 1997லேயே நம் மாநிலம் இப்படி ஒரு சட்டம் இயற்றியது, நாட்டிலேயே முதலாவதாக. ஆனால் அதில் விலக்குகள் மிகுதி.

அவர் பதிவேட்டைப் பார்க்கத் தொடங்கினார். நானும் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். முட்டை, முப்பது முப்பதாக அட்டைகளில், முத்திரை குத்தப்பட்டு, வாரத்துக்கானது ஒரே நாளில் மையத்துக்கு வரும். வரவுக் கலம், அன்றைய வருகைக் கலம், கொடுத்த முட்டைக் கலம், இருப்புக் கலம் எல்லாம் நிரம்பியிருந்தன. வருகை 61, கொடுத்தது 61. மறுநாளும் 61. ஊரே நீரில் நின்ற ஒரு வாரத்திலும் 61. பள்ளியின் வருகைப் பதிவேட்டு நகலை அவர் முன்பே கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதில் அந்த நாட்களில் ஒரு நாள் 43, ஒரு நாள் 47. பக்கத்தின் அடியில், "பார்வையிட்டேன், சரியாக உள்ளது" என்று பச்சை மையில் ஒரு கையெழுத்து இருந்தது. அது என்னுடையது. அவர் அதைக் கண்டாரா என்று தெரியவில்லை. கண்டிருந்தாலும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளே மையத்துக்குப் போனேன். அமைப்பாளர் பயந்துபோயிருந்தார். இருபத்தைந்து ஆண்டுப் பணி. முதலில் அழுதார், பிறகு சினந்தார், பிறகு விளக்கினார். அட்டையில் வரும்போதே சில உடைந்திருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும் கூமுட்டைகளும் வேகவைக்கும்போது வெடிப்பவையும் உண்டு. இவற்றை எழுதப் பதிவேட்டில் கலம் இல்லை. இருப்பில் குறைந்தால் அவர் கையிலிருந்து பிடித்தம் செய்வார்கள் என்ற அச்சத்தில், பிள்ளைகள் வராத நாட்களின் முட்டையைக் கொண்டு உடைசலை ஈடுசெய்து, வருகையைக் கூட்டி எழுதப் பழகிவிட்டார். அவருக்கு இப்படி எழுதக் கற்றுக் கொடுத்தவர் முன்பு இருந்த அமைப்பாளர். இந்த அமைப்பாளரிடம் குறைசொல்ல நான் போயிருந்தேன். உண்மையை எழுத இடமில்லாத படிவத்தை மாதந்தோறும் கேட்டு வாங்கியது எங்கள் அலுவலகம்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டதாகச் சொன்னால் அது நேர்மையாகாது. உடைசல் என்று தாராளமாகக் கழித்துப் பார்த்தாலும், அந்த மூன்று மாதங்களில் கணக்கில் வராத முட்டைகள் மிச்சம் இருந்தன. அவற்றுக்கு அவரிடம் விளக்கம் கோரப்பட்டு, தொகை பிடித்தம் செய்யப்பட்டது. அந்தக் குறிப்பாணையில் கையெழுத்திட்டவனும் நான்தான். என் பச்சை மைக்கு எவரும் விளக்கம் கோரவில்லை. கோருவதற்கான படிவம் எதுவும் இருந்ததாகவும் நினைவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் விடை அனுப்பினோம். முப்பதைத் தாண்டினால் நாளுக்கு 250 ரூபாய் தண்டம் வரக்கூடும் என்ற கணக்கும் அதில் உண்டு, மறைப்பதற்கில்லை. முட்டை எடைக்கு அக்மார்க் தரத்தின் நடுத்தர வகை 45 முதல் 52 கிராம் என்பதையும், 1989 முதலான ஆண்டுகளின் வரிசையையும் எழுதினோம். பதிவேட்டுப் பக்கங்களின் நகலைப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்று கணக்கிட்டு அனுப்பினோம். மூல ஆணைகளின் நகல்களை, மனு மாற்றப்பட்ட அலுவலகத்திலிருந்து அவர் பெற்றுக்கொண்டார் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

படிவத்தில் கலம் சேர்க்க எனக்கு அதிகாரம் இல்லை. மேலே எழுதிவிட்டு, விடை வரும்வரை இருப்புக் கலத்தை ஒட்டிப் பேனாவால் ஒரு கோடு இழுத்து 'உடைந்தவை' என்று எழுதிக்கொள்ளும்படி ஒன்றியங்களுக்கு வாய்மொழியாகச் சொன்னேன். அடுத்த மாதம் இரண்டு ஒன்றியங்களிலிருந்து மட்டும் அந்தக் கோடு போட்ட அறிக்கைகள் வந்தன. முதன்முறையாக அவற்றில் வருகையும் முட்டையும் நாளுக்கு நாள் மாறின. கூட்டலைச் சரிபார்த்த உதவியாளர், கணக்கு இடிக்கிறதே என்று கவலையோடு கொண்டுவந்தார்.

அதே வாரத்தில் கோடு போட்ட தாளில் இன்னொரு மனு வந்தது. இம்முறை ஒரே கேள்வி. வரும்போதே உடைந்திருக்கும் முட்டைகளுக்கும் வழங்குநருக்குப் பணம் கொடுக்கப்படுகிறதா, ஆம் எனில் எந்த ஆணையின்படி? பணம் கொடுக்கும் பட்டியல்களில் ஏற்பளிப்பவன் நான். மனுவின் ஓரத்தில் நாளிட்டு, பட்டியல் கோப்புகளை மூன்று ஆண்டுகளுக்கு எடுத்து வைக்கும்படி எழுதி, பிரிவுக்கு அனுப்பினேன்.